தாய்மாமன் சீரில் ஒரு கம்ப்யூட்டர்

மைக்செட் போட்டுப் பிழைக்கிறவனுக்கு ஆம்ப்ளிபயரைவிட முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டியது, எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது. கல்யாண மண்டபத்தில் ஒரு பேரை மாற்றிக் கூப்பிட்டுவிட்டால் பந்தி முடிகிற வரைக்கும் சண்டை ஓயாது. ராஜபாளையத்தில் முப்பத்திரண்டு வருசமாக ‘கபீர் மைக்செட்’ நடத்துகிறேன். இன்னும் யாரிடமும் அடி வாங்கவில்லை என்றால் இந்த விவரம் தெரிந்து வைத்திருப்பதுதான் காரணம்.

எனக்குப் பக்கத்துக் கடை பால்பாண்டியுடையது. ஒரு காலத்தில் டி.வி. பழுது பார்த்தான். டி.வி. எல்லாம் சுவரில் மாட்டுகிற பலகையாக ஆன பிறகு பழைய கம்ப்யூட்டர்களில் இறங்கிவிட்டான். எண்பதுகளில் வீட்டு டி.வி.யில் சொருகி ஓட்டிய சின்னப் பெட்டிகள் அவை. தட்டுகிற கட்டைகள், மூளை எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும். பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் பார்சலில் செத்துப்போய் வரும், உயிரோடு திரும்பிப் போகும். பைத்தியக்காரத் தொழில் என்று நானே அவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவன் சிரித்துக்கொண்டே ஈயத்தைப் பற்ற வைப்பான்.

அவனுக்கு ஒரே அக்கா, பாண்டீஸ்வரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அந்த அக்கா முப்பத்தேழு வருசமாகத் தம்பியோடு பேசுவதில்லை. வெட்டுக்குத்து எதுவும் கிடையாது. நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து உண்டு. இவன் போனால் இலை போடுவாள், சோறு வைப்பாள். “அவனுக்கு ரசம் வேணுமான்னு கேளு” என்று பக்கத்தில் நிற்கிற ஆளிடம் சொல்வாள். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அன்றைக்கு ரசம் கிடையாது.

காரணம் ஒரு கம்ப்யூட்டர். எண்பத்தெட்டாம் வருசம் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா ஒரு ஸ்பெக்ட்ரம் பெட்டி கொண்டுவந்தார். கருப்புப் பெட்டி, சாம்பல் நிற ரப்பர் கட்டைகள், ஓரத்தில் நாலு வண்ணக் கோடு. வீட்டில் யாருக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. பத்தாவது முடித்திருந்த பாண்டீஸ்வரி, கூட வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே கற்றுக்கொண்டாள். அப்பா பஞ்சாலையில் மேஸ்திரி. நூலின் நீளத்தையும் எடையையும் வைத்து இது நாற்பதாம் நம்பர், இது அறுபதாம் நம்பர் என்று பார்க்கிற கணக்கை அவர் தினமும் பேப்பரில் போடுவார். அதைப் புரோகிராமாக எழுதினாள். அதுவும் தமிழில் கேள்வி கேட்கிற மாதிரி. அந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாது. நாமே எழுத்தை வரைந்து கொடுத்தால் இருபத்தொன்று வரைக்கும் ஏற்றுக்கொள்ளும். கணக்கு நோட்டில் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு ஒவ்வோர் எழுத்தாக வரைந்தாள். கேசட்டில் பதிந்து வைத்தாள். கேள்விப்பட்ட மில் மேனேஜர், “திங்கட்கிழமை கொண்டாந்து ஓட்டிக் காட்டட்டும். நல்லா இருந்தா பாலிடெக்னிக்குல நானே சேத்துவிடுறேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பன்னிரண்டு வயசுப் பால்பாண்டிக்கு அதில் விளையாட்டு ஓட்ட வேண்டும் என்று தோன்றிவிட்டது. கம்ப்யூட்டரோடு வந்த கரண்டு டப்பாவை அக்கா ஒளித்து வைத்திருந்தாள். இவன் டேப்ரிக்கார்டருடைய கரண்டு டப்பாவான எலிமினேட்டரை எடுத்து மாட்டினான். அந்த எலிமினேட்டர் ஊசிக்கு நடுவில் ப்ளஸ். அந்தப் பெட்டிக்கு நடுவில் மைனஸ். ஒரு நொடியில் கருகின வாடை வந்தது.

திங்கட்கிழமை காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் மேனேஜர் மாற்றலாகிப் போனார். படித்தது போதும் என்றார் அப்பா. பத்தொன்பது வயசில் கல்யாணம். சீர்வரிசைப் பாத்திரங்களுக்கு நடுவில் அந்தச் செத்த பெட்டியையும் கேசட்டையும் தூக்கிக்கொண்டு போனாள் பாண்டீஸ்வரி. அவள் மகள் மாரிச்செல்வி பெரியமனுசியானபோது தாய்மாமன் சீரைப் பெரியப்பா மகன் ஒருத்தனை வைத்து இறக்கினாள். அந்தப் பேரை மைக்கில் கூப்பிட்டவன் நான்தான். பால்பாண்டி கடைசி வரிசையில், கையில் வெற்றிலையை வைத்துக்கொண்டு மெல்லாமல் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு எனக்கு என் தொழிலே பிடிக்கவில்லை.

இந்த வருசம் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுநாள், பால்பாண்டியின் அத்தான், அதாவது பாண்டீஸ்வரி வீட்டுக்காரர், மொபெட்டில் வந்து இறங்கினார். ஆடிக்காற்று கடைத்தெருப் புழுதியை எல்லாம் எங்கள் கடைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கையில் ஒரு மைதா மாவுப் பை.

“மாப்ள, ஆவணி மொத முகூர்த்தத்துல மாரிச்செல்விக்குக் கல்யாணம் வச்சிருக்குல்ல. அதுல ஒரு சிக்கலு” என்று ஆரம்பித்தார்.

“சொல்லுங்கத்தான்.”

“எங்க மாமன் வந்து மால போடாம மணையில ஏற மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிது புள்ள. தாயும் மகளும் ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியிறாளுக. நான் நாலு லிட்டர் பால அடிப்பிடிக்க விட்டுட்டேன்.”

“அக்கா என்ன சொல்லுச்சு?”

“நேத்து சாயந்திரம் பரண்ல ஏறி இத எடுத்துப் போட்டா. ஊர்ல உள்ள செத்த பெட்டியெல்லாம் பொழைக்க வைக்கான்ல, இதையும் பொழைக்க வச்சுச் சீர்த்தட்டுல எடுத்துட்டு வரட்டும். ஓடுச்சுன்னா அவன் தாய்மாமன், ஓடலன்னா பெரியப்பா மகன் நிக்கட்டும்னுட்டா. அம்புட்டுத்தான்.”

“கேசட்டு?”

“அதத் தர மாட்டாளாம். மண்டபத்துக்கு அவளே கொண்டு வாராளாம். வெறும் பெட்டி ஓடுனாப் பத்தாது, அவ எழுதுனது ஓடணுமாம்.”

பால்பாண்டி பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். இருபத்திரண்டு நாள் இருந்தது.

பெட்டியைத் திறந்ததும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பால்கோவா அடுப்புக்கு நேர் மேலே பரணில் கிடந்த சாமான். முந்திரிக்கொட்டைத் தொலி எரிகிற அடுப்பு; புகையும் நெய்யாவியும் வருசக்கணக்காகப் படிந்து உள்ளே இருந்த போர்டு முழுக்கத் தேன் நிறத்தில் பிசுபிசுத்தது.

“தூக்கித் தூரப் போடுல. இதுல என்னத்தப் பொழைக்க வைக்க?” என்றேன்.

“இருங்க பாய்.”

அவன் மனைவி இருளம்மாள் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறிக்கு வேலைக்குப் போகிறாள். அவள் கொண்டுவந்த கழிவுத் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, ஒரு மூலையிலிருந்து துடைக்க ஆரம்பித்தான். ரெண்டு நாள் அதே வேலை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டான்.

“பாய், இங்க பாருங்க. போர்டுல செம்புக் கோடு பூராம் புதுசு மாதிரி பளபளங்குது. தூத்துக்குடில இருந்து வந்த பெட்டியெல்லாம் பச்சை பூத்துக் கெடந்துச்சு. இதுல ஈரம் தொடவே இல்ல. எங்கக்கா அடுப்புப் பொகதான் பூசி மூடியிருக்கு.”

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு தூக்கிப் போடு என்று நான் சொல்லவில்லை.

கோடுகள் தப்பித்தாலும் அவன் அன்றைக்கு மாட்டின எலிமினேட்டர் உள்ளே நிறையப் பேரைக் காவு வாங்கியிருந்தது. ரெண்டு டிரான்சிஸ்டர், ஒரு காயில், மெமரி ஐ.சி. எட்டும் போச்சு. டிரான்சிஸ்டரும் காயிலும் கையில் இருந்தன. மெமரி ஐ.சி. இப்போது எவனும் செய்வதில்லை. மதுரையில் பழைய போர்டு விற்கிறவனிடம் ஆறு கிடைத்தது. அத்தோடு நின்றுவிட்டது. பெங்களூர்க்காரன் கைவிரித்தான். கொச்சிக்காரன் போனையே எடுக்கவில்லை. நாள் எட்டாகிவிட்டது.

ஒருநாள் மத்தியானம் இருளம்மாள் தூக்குவாளியோடு வந்தாள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் கருவாடும். அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவள் என் கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

“பாய் அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க. ராத்திரி ஒறங்க மாட்டேங்காரு. காலைல வச்ச இட்டிலி அப்பிடியே கெடக்கு.”

“நான் சொன்னா கேக்கவா போறான்?”

“அவிய அக்காவுக்குத்தான் எம்புட்டு நெஞ்சழுத்தம். வெவரம் தெரியாத வயசுல செஞ்சது. நானாயிருந்தா நாலு அடி அடிச்சிட்டு மறந்திருப்பேன்.”

உள்ளேயிருந்து பால்பாண்டி தலையைத் தூக்காமலே பேசினான்.

“ஏட்டி, அக்காவச் சொல்லாத. அடிக்கவே இல்ல அது. பெட்டிய மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. அடிச்சிருந்தா எனக்குத் தேவல.”

“அதுக்காக இப்ப பட்டினி கெடக்கணுமாக்கும்?”

“இந்தக் கடையில இதுவரைக்கும் எரநூறு பெட்டிக்கு மேல பாத்திருக்கேன். ஒவ்வொண்ணையும் இதுதான்னு நெனச்சுத்தான் பாத்தேன். இப்ப இது கைக்கு வந்திருக்கு. ரெண்டு ஐ.சி. இல்லாம நிக்கிது.”

இருளம்மாள் எழுந்து உள்ளே போனாள். சோற்றைப் பிசைந்து உருண்டையாக்கி அவன் வாயருகே நீட்டினாள். கையில் ஈயக்கோலோடு அவன் வாங்கிக்கொண்டான். நான் எழுந்து என் கடைக்குள் போய் ஒயர் சுற்றினேன்.

மீதி ரெண்டையும் கண்டுபிடித்துக் கொடுத்தவன் ஜெபக்குமார். ஆலங்குளத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறான். என் பழைய ஸ்பீக்கர்களை எடைக்கு வாங்குகிறவன். ஏலத்தில் எடுத்த சாமானில் கோழி அடைகிற மூலையில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு கிடக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றான். நானும் பால்பாண்டியும் பஸ் ஏறிப் போனோம். வெயில் அப்படிக் காய்ந்தது. போர்டைத் திருப்பினால் வரிசையாகப் பதினாறு, எல்லாம் நமக்கு வேண்டிய நம்பர். பால்பாண்டி அந்த இடத்திலேயே, கோழி எச்சத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

“இதுக்கா இம்புட்டுப் பாடு? சும்மா கொண்டு போங்கண்ணே. கல்யாணத்துக்குச் சாப்பாடு மட்டும் போட்டுருங்க” என்றான் ஜெபக்குமார்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, காலை பதினொரு மணிக்கு, எனது பழைய போர்ட்டபிள் டி.வி.யில் சொருகி சுவிட்சைப் போட்டான். முதலில் கருப்பு. பிறகு வெள்ளை. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. நான் ‘அல்லாவே’ என்றேன். அவன் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு குலுங்கினான். அது ஸ்பிரிட் துணி. அப்புறம் கண் எரிச்சலில் அரைமணி நேரம் குழாயடியில் நின்றான்.

முகூர்த்தம் ஒன்பதரைக்கு. ஏழரை மணிக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்து வாசலில் மேளத்தோடு தாய்மாமன் சீர் வந்து நின்றது. முப்பத்தொரு தட்டு. பழம், தேங்காய், பட்டு, வளையல் எல்லாத்துக்கும் முன்னால் பித்தளைத் தாம்பாளத்தில் சிவப்புப் பட்டு விரித்து அந்தக் கருப்புப் பெட்டியைப் பால்பாண்டி தலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வந்தான். பின்னாலேயே டி.வி.யைத் தோளில் தூக்கிக்கொண்டு நான். கையில் டேப் டெக்கோடு இருளம்மாள். பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நடந்தேன்.

பாண்டீஸ்வரி ஆரத்தி எடுக்கவில்லை. வாசலை மறித்து நின்றாள். அரக்குப் பட்டு, நெற்றியில் வியர்வை. பெட்டியைப் பார்த்தாள். தம்பியைப் பார்க்கவில்லை.

“ஏட்டி இருளம்மா, ப்ளஸ் எது மைனஸ் எதுன்னு பாத்துத்தான் மாட்டுவானான்னு கேளு.”

“பாத்து வச்சிருக்காவ மதினி. பெயிண்டுல குறி போட்டு வச்சிருக்காவ.”

“சரி. உள்ள வரச் சொல்லு.”

மேடைக்குப் பக்கத்தில் மேசை போட்டோம். ஜெனரேட்டர் கரண்டு வேண்டாம், மெயின் லைனிலேயே எடு என்று நானே நின்று பார்த்துக்கொண்டேன். சுவிட்சைப் போட்டதும் வெள்ளைத் திரையும் அந்த ஒரு வரியும் வந்தன. கூட்டம் நெருங்கிவிட்டது. பாண்டீஸ்வரி இடுப்பிலிருந்து துணி சுற்றிய கேசட்டை எடுத்துக் கொடுத்தாள். என் டெக்கில் போட்டேன். கரகரவென்று கத்தல் ஆரம்பித்தது. திரையின் ஓரமெல்லாம் வண்ணக் கோடுகள் ஓடின. பாதியில் நின்று, ஏற்ற முடியவில்லை என்று எழுதிக் காட்டிவிட்டது.

பெரியப்பா மகன் ஓரத்தில் நின்று சட்டைக் காலரைச் சரிபண்ணிக்கொண்டான். அவனைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எல்லாரும் தள்ளி நில்லுங்க. இது என் டிபார்ட்மெண்டு” என்றேன். பழைய கேசட்டைப் பதிந்த டேப்ரிக்கார்டரின் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால் நம்முடையதையும் அதே சாய்வுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த ஊசித் திருப்புளியை நான் எப்போதும் பையில் வைத்திருப்பேன். டேப்பை ஓடவிட்டுச் சத்தம் கூர்மையாகிற வரைக்கும் திருகைத் துளித்துளியாகத் திருப்பினேன். காது கூசுகிற மாதிரி கீச்சென்று வந்தது.

“இப்பப் போடுல.”

கோடுகள் ஓடின. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நாலு நிமிசம். நின்றது. பாண்டீஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு கட்டையை அழுத்தினாள்.

‘நூல் நீளம் எத்தனை கெஜம்’ என்று தமிழில் கேட்டது அந்தப் பெட்டி.

எழுத்தெல்லாம் கட்டங்கட்டமாக, கொஞ்சம் கோணலாக இருந்தது. பதினாறு வயசுப் பெண் நோட்டில் வரைந்த எழுத்து. மண்டபத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. மாரிச்செல்வி மணக்கோலத்தோடு அறையிலிருந்து ஓடிவந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாண்டீஸ்வரியின் அப்பாவோடு வேலை பார்த்த மேஸ்திரி ஒருவர் முன்வரிசையில் இருந்தார். எண்பது வயசு இருக்கும். தடியை ஊன்றி எழுந்தார்.

“நூத்தியிருவது கெஜம்னு போடு தாயி. எடை ஒண்ணு புள்ளி ஆறு ரெண்டு கிராம். நாப்பதாம் நம்பர்னு வரணும். வருதான்னு பாப்போம்.”

பாண்டீஸ்வரி அடித்தாள். திரையில் வந்தது, முப்பத்து மூவாயிரத்து அறுநூறு.

“முப்பத்து மூவாயிரத்து அறுநூறாம் நம்பரா? செலந்திகூட அம்புட்டு மெலிசா நூக்காதே” என்றார் மேஸ்திரி.

கூட்டம் சிரித்துவிட்டது. அவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பால்பாண்டிக்கு முகத்தில் ரத்தம் இல்லை. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அக்கா எழுதியது ஓட வேண்டும் என்பதுதான் பேச்சு. ஓடி, தப்பாகச் சொன்னால் அது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்கும் புரியவில்லை. மணி எட்டரை. ஐயர் மேடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பாண்டீஸ்வரி அசையவில்லை. புரோகிராமின் வரிகளைத் திரையில் வரவழைத்தாள். ஆள்காட்டி விரலை வரிவரியாக இறக்கிக்கொண்டே வந்தாள். உதடு முணுமுணுத்தது. ஒரு வரியில் விரல் நின்றது.

“சிட்டம்” என்றாள்.

“என்னம்மா?” என்றாள் மாரிச்செல்வி.

“மொதல்ல நீளத்தச் சிட்டக் கணக்குல, அதான் நூல்கட்டுக் கணக்குலதான் கேட்டிருந்தேன். மில்லுல கெஜத்துலதான் அளப்பாக, மாத்துன்னு ஒங்க தாத்தா சொன்னாவ. ஞாயித்துக்கிழம காலைல கேள்விய மட்டும் மாத்திப் பதிஞ்சேன். ஓட்டிப் பாக்கல, கரண்டு போயிருச்சு. ஒரு சிட்டத்துக்கு எண்ணூத்தி நாப்பது கெஜம். அதால வகுக்காம விட்டுட்டேன்.”

சொல்லிக்கொண்டே அந்த வரியைத் திருத்துவதற்காகத் திரையின் அடிக்கு இறக்கினாள். வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். விரல் கட்டைகளின் மேல் வேகமாகப் போய்த் திடீரென்று நின்றது. எதையோ தேடியது. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

“ஏலே, வகுத்தல் எந்தக் கட்டைல இருக்கு?”

மண்டபத்தில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் மூச்சை நிறுத்தினார்கள். அவள் யாரைக் கேட்டாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. இருளம்மாள் என் கையைப் பிடித்து நெரித்தாள்.

பால்பாண்டி குனிந்தான். “செவப்பு எழுத்துப் போட்ட கட்டைய அமுக்கிக்கிட்டு ‘வி’ய அழுத்துக்கா” என்றான்.

அழுத்தினாள். எண்ணூற்று நாற்பதை அடித்தாள். ஓட விட்டாள். நூற்றியிருபது கெஜம். ஒன்று புள்ளி ஆறு ரெண்டு.

நாற்பது.

மேஸ்திரி தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார்கள். அறுபதாம் நம்பருக்குப் பாரு, எம்பதுக்குப் பாரு என்று மில்லில் வேலை பார்த்த கிழவர்கள் எல்லாம் முண்டியடித்தார்கள். நான் அழுதேன். அழுததைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

பாண்டீஸ்வரி நாற்காலியில் திரும்பித் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். நரைத்த தலை, ஈயம் சுட்ட விரல்கள், கோணலாகக் கட்டின வேட்டி எல்லாவற்றையும் பார்த்தாள்.

“நீ அன்னைக்கு எரிக்காம இருந்தாலும் திங்கக்கெழம மேனேஜர் முன்னாடி இது முப்பத்து மூவாயிரம்னுதான் காட்டிருக்கும். சிரிச்சு அனுப்பியிருப்பாங்க. ஒம்மேல இத்தன வருசம் பழியப் போட்டுக்கிட்டுக் கெடந்திருக்கேன்.”

அவனுக்குத் தப்பித்துக்கொள்ள நல்ல வாசல் அது. நானாக இருந்தால் ஆமாக்கா என்று நுழைந்திருப்பேன். பால்பாண்டி தலையை ஆட்டினான்.

“இல்லக்கா. இப்பத் திருத்துனியே ரெண்டு நிமிசத்துல. அன்னைக்கும் அவிய முன்னாடியே ஒக்காந்து திருத்தியிருப்ப. சேத்திருப்பாங்க. நாந்தான் விடல.”

அவள் வாய் கோணியது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். இன்னொரு முறை அவனைப் பார்த்தாள்.

“ஆமா. நீதான் விடல” என்றாள்.

எழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. மேடைப் படியில் அவனை முன்னால் ஏறவிட்டு, தட்டிலிருந்த ரோஜா மாலையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“நேரமாச்சு. ஒம் மருமகளுக்குப் போடு.”